ஒற்றைப் பைலுக்கு 3 மி.மீ., 81 பைலுக்கு 38 மி.மீ.: எதை நம்புவது?

ஓஎம்ஆர் சிவில் | திங்கள், இரவு 9.40

வணக்கம். பைல், அதாவது கட்டடத்தைத் தாங்க மண்ணுக்குள் இறக்கும் காங்கிரீட் தூண், சுமை வந்ததும் எவ்வளவு இறங்கும் என்ற கணக்கில் மூன்று நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

இடம் பள்ளிக்கரணைப் பக்கம். கீழே கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளம், அதன்மேல் 14 மாடி. மேலே ஒன்றரை மீட்டர் நிரப்பு மண். அதன்கீழ் 9.5 மீட்டர் வரை கறுப்புக் களி, எஸ்பிடி எண்ணிக்கை (சுத்தியலடியை எண்ணி மண்ணின் இறுக்கத்தை அளப்பது) 2, 3 என்றுதான் வருகிறது. 9.5 முதல் 15 வரை நடுத்தர இறுக்கமுள்ள மணல், எண்ணிக்கை 25க்கு மேல். 15 முதல் 21 வரை கெட்டிக் களி, எண்ணிக்கை 14. அப்புறம் சிதைந்த சார்னோகைட் பாறை, அங்கே ரீஃப்யூசல், அடித்தாலும் இறங்கவில்லை. நிலத்தடி நீர் ஒன்றரை மீட்டரில். மண்ணைப் பார்க்க மூன்று போர் (ஆய்வுத் துளை) போட்டார்கள், பாறை வரை போனது ஒன்றுதான். மற்ற இரண்டும் 15 மீட்டரில் நின்றுவிட்டன.

பைல் 600 மி.மீ. விட்டம், டிஎம்சி முறை (சேற்றுநீரைச் சுற்றவிட்டுத் துளையிட்டு வார்ப்பது), 13 மீட்டர் நீளம். நுனி மணலில் நிற்கிறது. 1.8 மீட்டர் இடைவெளியில் 9க்கு 9, மொத்தம் 81. ஒவ்வொன்றுக்கும் 60 டன்.

சோதனைப் பைலில் லோடு டெஸ்ட் முடிந்தது. 60 டன்னில் 3 மி.மீ. இறங்கியது. மண் கணக்குக்கான பிளாக்ஸிஸ் மென்பொருளில் ஒற்றைப் பைலை அச்சுச் சமச்சீராகப் போட்டேன், 3.2 வந்தது. சந்தோஷமாக இருந்தது. அதே மண் எண்களை வைத்து த்ரீ-டியில் 81 பைலையும் எம்பெடட் பீமாக (மண்ணுக்குள் பதித்த கோடு போன்ற எளிய பைல் உருவம்) போட்டால் 38 மி.மீ. காட்டுகிறது. மாடலைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் மெஷ்ஷை நுணுக்கமாக்கினேன், எல்லையைத் தள்ளிப் பார்த்தேன், 36க்கும் 39க்கும் நடுவிலேயே நிற்கிறது. "டெஸ்ட்டே 3 என்று சொல்லிவிட்டது, உன் மாடலில்தான் தப்பு" என்கிறார் சீனியர். நான் எதை நம்புவது?

திருச்சி பாலம் | திங்கள், இரவு 10.15

பைல் கூட்டத்தின் இறக்கத்துக்கு மண் பொறியாளர் வெசிச் கொடுத்த எளிய விகிதம் ஒன்று உண்டு. கூட்டத்தின் அகலத்தை ஒரு பைலின் விட்டத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 15 மீட்டரை 0.6 ஆல் வகுத்தால் 25, வர்க்கமூலம் 5. ஒற்றைப் பைலின் 3 மி.மீ.யை 5 ஆல் பெருக்கினால் 15 மி.மீ. சீனியர் சொல்லும் 3 சரியில்லை, ஆனால் 38 எனக்கும் அதிகமாகத்தான் படுகிறது. கெட்டிக் களிக்கு மீள்மைக் குணகத்தை (மண்ணின் விறைப்பு) குறைவாகக் கொடுத்துவிட்டீர்களா?

ஓஎம்ஆர் சிவில் | திங்கள், இரவு 10.22

மோர்-கூலம்ப் என்ற எளிய மண் மாதிரி, குணகம் 20 மெகாபாஸ்கல். எஸ்பிடி எண்ணிக்கையிலிருந்து எடுத்தது.

கருங்கல் | செவ்வாய், காலை 6.10

தம்பி, 38 அதிகமா குறைவா என்பதை அப்புறம் பார்ப்போம். உங்கள் டெஸ்ட்டும் மாடலும் ஒன்றோடொன்று முரண்படவே இல்லை. இரண்டும் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன.

ஒரு தாளை எடுங்கள், கையாலேயே போடலாம். மேலே உள்ள சேற்றுக் களி எதையும் தாங்காது என்று வையுங்கள். சுமை மணலுக்குள்தான் இறங்குகிறது. மணலுக்குள் இருக்கும் பைல் நீளம் மூன்றரை மீட்டர். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தில், அதாவது சுமார் 11.8 மீட்டரில், ஒரு கற்பனை ராஃப்ட் (அகலமான பலகை அடித்தளம்) உட்கார்ந்திருப்பதாக நினையுங்கள். மண் பொறியியல் முன்னோடிகள் டெர்சாகியும் பெக்கும் காட்டிய பழைய வழிதான். அங்கிருந்து சுமை இரண்டுக்கு ஒன்று என்று விரிகிறது, அதாவது இரண்டு மீட்டர் கீழே போனால் ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டர்.

கெட்டிக் களியின் நடு 18 மீட்டரில், அதாவது ராஃப்டிலிருந்து 6.2 மீட்டர் கீழே. 81 பைலின் மொத்தச் சுமை சுமார் 48,600 கிலோநியூட்டன். 15 மீட்டர் அகலம் அங்கே 21.2 ஆகியிருக்கும், பரப்பு 449 சதுர மீட்டர். அழுத்தம் 108 கிலோபாஸ்கல்.

இப்போது ஒரே ஒரு பைலுக்குப் போடுங்கள். 600 கிலோநியூட்டன், அகலம் 0.6லிருந்து 6.8 ஆகிறது, பரப்பு 46. அழுத்தம் 13.

சோதனை நாளில் அந்தக் களிக்குப் போன சேதி 13. கட்டடம் எழும்பியதும் போகப்போவது 108. அந்த 13கூட நீங்கள் ஜாக்கியை இறக்குவதற்குள் களியின் நீரை வெளியேற்றியிருக்காது. ஆறு மீட்டர் களி, மேலே மணல், கீழே சிதைந்த பாறை, இரண்டு பக்கமும் வடியட்டும். கன்சாலிடேஷன் (நீர் வடிந்து களி அமுங்குவது) கெழு வருடத்துக்கு ஒரு சதுர மீட்டர் என்று வைத்தால் தொண்ணூறு சதவீதம் முடிய ஏழரை வருடம் ஆகும். லோடு டெஸ்ட் ஒரு நாள் வேலை. மணல் நன்றாக இருக்கிறது, பைல் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறது என்று டெஸ்ட் சொன்னது. அது உண்மை. களியைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

திருச்சி பாலம் சார் சொன்ன வர்க்கமூல விகிதம், கூட்டம் முழுக்க மணலில் நின்று கீழேயும் மணலே இருந்தால் பொருந்தும். நுனிக்கு இரண்டு மீட்டர் கீழே களி தொடங்கும் இடத்தில் அதை எடுக்கக் கூடாது.

திருச்சி பாலம் | செவ்வாய், காலை 7.30

ஒத்துக்கொள்கிறேன் சார். அந்த விகிதத்தில் கீழ் அடுக்குக்கு இடமே கிடையாது, அதை நான் யோசிக்கவில்லை.

ஆய்வுமாணவி | செவ்வாய், காலை 11.05

கருங்கல் சார் போட்ட 108ஐ வைத்துத் தொடர்கிறேன். முனைவர் பட்டத்துக்கு நான் அடுக்கு மண்ணில் பைல் கூட்டங்களைத்தான் மாதிரி செய்கிறேன், அதனால் இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஓஎம்ஆர் சிவில், 108ஐ 20 மெகாபாஸ்கலால் வகுத்து 6 மீட்டரால் பெருக்குங்கள். 32 மி.மீ. மிச்சம் மணலின் பங்கு. ஆக உங்கள் 38ஐ மென்பொருள் கண்டுபிடிக்கவில்லை, எஸ்பிடியிலிருந்து நீங்கள் எடுத்த அந்த 20தான் அதைத் தீர்மானித்தது. மெஷ்ஷை எவ்வளவு நுணுக்கினாலும் அது மாறாமல் நின்றதற்குக் காரணம் இதுதான்.

மோர்-கூலம்ப் மாதிரிக்கு நினைவு கிடையாது. களிக்கு உண்டு. தன் வாழ்நாளில் அதிகபட்சம் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கியிருக்கிறதோ அதுவரை களி கெட்டியாக நடந்துகொள்ளும். அதைத் தாண்டிய நொடியில் வேறு மண்ணாக மாறும். லேப் ரிப்போர்ட்டில் ப்ரீகன்சாலிடேஷன் பிரஷர் என்று வருமே, அதுதான் இந்த எல்லை.

உங்கள் களி நடுவில் இப்போதுள்ள செயல் அழுத்தம் (நீரழுத்தம் போக மண் துகள்கள் தாங்குவது), மேலடுக்குகளைக் கூட்டினால், சுமார் 147 கிலோபாஸ்கல். கட்டடம் வந்ததும் 255. அமுக்கக் குறியெண் 0.25, மீளமுக்கக் குறியெண் 0.04, ஆரம்ப வெற்றிட விகிதம் 0.8 என்று வைத்து மூன்று கணக்குப் போட்டேன். எல்லை 255க்கு மேலே இருந்தால் இறக்கம் 32 மி.மீ. 200ல் இருந்தால் 106 மி.மீ. எல்லையே இல்லாத, இப்போதைய அழுத்தத்துக்கு மட்டும் பழகிய களி என்றால் 200 மி.மீ.

மூன்றிலும் அதே பைல், அதே சுமை, அதே எஸ்பிடி எண்ணிக்கை 14. அந்தக் களியிலிருந்து கலையாத மாதிரி எடுத்து ஒரு ஈடோமீட்டர் சோதனை (லேபில் படிப்படியாகச் சுமை வைத்து அமுக்கிப் பார்ப்பது) செய்யாமல் இதில் எது உங்கள் கட்டடம் என்று யாராலும் சொல்ல முடியாது. சோதனை வந்த பிறகு ஹார்டனிங் சாயில் அல்லது சாஃப்ட் சாயில் என்ற மண் மாதிரிக்கு மாறுங்கள், அங்கே இந்த எல்லையை நேரடியாகக் கொடுக்கலாம்.

இன்னொன்று. எம்பெடட் பீமில் பக்க உராய்வின் உச்சத்தையும் நுனித் தாங்குதிறனையும் நாம்தான் உள்ளே கொடுக்கிறோம். நாமே கொடுத்த எண்ணை அது திருப்பிக் கொடுக்கும்போது "டெஸ்ட்டோடு பொருந்துகிறது" என்று எழுதினால் அது சான்றாகாது. நானும் முதல் வருடம் இதே தவறைச் செய்து ஒரு அரங்கில் பதில் சொல்ல முடியாமல் நின்றிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். பைல் கூட்டம் மண்ணை எப்படி அழுத்துகிறது என்று பார்க்க எம்பெடட் பீம் நல்ல கருவி. ஒரு பைல் எவ்வளவு தாங்கும் என்று அதனிடம் கேட்காதீர்கள்.

பே ஏரியா தமிழன் | செவ்வாய், மாலை 6.50

நுனி மணலில், அதன்கீழ் களி, பாறையைத் தொடவில்லை என்று படித்ததும் எனக்கு சான்பிரான்சிஸ்கோ மில்லேனியம் டவர்தான் கண்முன் வந்தது. மிஷன் தெருவும் ஃபிரிமாண்ட் தெருவும் சந்திக்கும் மூலையில் நிற்கிறது, நான் வேலைக்குப் போகும் வழி.

58 மாடி, 2009இல் திறந்தார்கள். சுமார் 950 காங்கிரீட் பைல்களை 60 முதல் 90 அடி ஆழம் வரை அடித்து, கோல்மா என்ற மணலடுக்கில் நிறுத்தினார்கள். அதன்கீழே ஓல்டு பே கிளே என்னும் தடித்த களி. பாறை 200 அடிக்கும் கீழே. வடிவமைப்பில் எதிர்பார்த்த இறக்கம் 4 முதல் 6 அங்குலம். 2016இல் ஊருக்கே செய்தி தெரிந்தபோது 16 அங்குலம் இறங்கி வடமேற்காகச் சாய்ந்திருந்தது. பக்கத்தில் நடந்த தோண்டல்களில் நீர் இறைத்ததும் காரணமா என்று பெரிய வழக்கு நடந்து சமரசத்தில் முடிந்தது. அந்த வாதம் எப்படியிருந்தாலும் இறங்கியது களி. பைல்கள் நின்ற மணல், பைல்களைக் கைவிடவில்லை. பைல்களையும் மணலையும் சேர்த்தே களி கீழே கொண்டுபோனது.

சரிசெய்த விதமும் இந்த இழைக்குப் பொருந்தும். கட்டடத்தின் இரண்டு ஓரங்களில் பாறை வரை புதிய பைல்கள் போட்டுச் சுமையின் ஒரு பகுதியை அவற்றுக்கு மாற்றுவது திட்டம். முதலில் 52 என்றார்கள். 2021இல் வேலை நடக்கும்போதே கட்டடம் கூடுதலாக இறங்கத் தொடங்கியது. ஆகஸ்டில் வேலையை நிறுத்தி, துளையிடும் முறையை மாற்றி, கடைசியில் 18 பைல்களோடு 2023இல் முடித்தார்கள். காப்பாற்றப் போட்ட துளையே மண்ணைக் கலைத்தது. மாடலில் பைல் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிடும், நிலத்தில் அப்படி வராது.

ரிக் மேஸ்திரி மகன் | செவ்வாய், இரவு 8.30

கடைசியாகச் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் டிப்ளமோதான், மாடல் எல்லாம் தெரியாது. அப்பா டிஎம்சி ரிக், அதாவது துளை போடும் இயந்திரம், ஓட்டியவர். பத்து வயதிலிருந்து அவர் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

துளை முடிந்ததும் பெண்டோனைட் என்ற நுண்களி கலந்த தண்ணீர் விட்டுக் கடைசியாகக் கழுவுவார்கள். வெளியே வரும் தண்ணீரை அப்பா உள்ளங்கையில் பிடித்து விரலால் தேய்ப்பார். நறநற என்றால் இன்னும் மணல் வருகிறது, கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். வழவழப்பானால்தான் பம்பை நிறுத்தச் சொல்வார். அப்புறம் குண்டு கட்டிய டேப்பை இறக்குவார். அடி சுத்தமாக இருந்தால் கையில் "டக்" என்று தெரியும். சேறு தங்கியிருந்தால் மெத்தென்று உட்காரும். காங்கிரீட் வண்டி தாமதமாகி அரை மணி ஆனாலும் மறுபடி டேப் இறக்குவார். அந்த அரை மணியில் ஒரு சாண் சேறு படிந்திருந்ததை என் கையாலேயே தொட்டு உணர்ந்திருக்கிறேன். திரும்பக் கழுவச் சொன்னார், கான்ட்ராக்டர் கோபித்துக்கொண்டார், அப்பா அசையவில்லை.

ஓஎம்ஆர் சிவில் அண்ணா, டெஸ்ட் பைலுக்கு எல்லோரும் நிற்பார்கள், நன்றாகக் கழுவுவார்கள். 81இல் மற்ற 80க்கு யார் நிற்கப் போகிறார்கள்? உங்கள் மாடலில் எல்லா நுனியும் ஒரே மாதிரி இருக்கிறதா?

ஆய்வுமாணவி | செவ்வாய், இரவு 10.40

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நாங்கள் "நுனி விறைப்பு" என்று ஒரு வரியில் எழுதுவது அவர் விரலில் இருந்திருக்கிறது.

நீங்கள் கேட்டது எங்கள் துறையில் பெரிய கேள்வி. பெரும்பாலான மாதிரிகளில் பைல் முதலிலிருந்தே அங்கே இருந்ததுபோல வைக்கப்படும். மண் கலையாது, பக்க அழுத்தம் மாறாது. உண்மையில் அடித்திறக்கும் பைல் தன் பருமன் அளவு மண்ணை ஒதுக்குகிறது. களியில் சுற்றிலும் நீரழுத்தம் எகிறும், பக்கத்துப் பைல் மேலே எழும்பக்கூட வாய்ப்பு உண்டு. அந்த நீரழுத்தம் வடிய வாரங்களோ மாதங்களோ ஆகும், வடிய வடியப் பிடிமானம் கூடும். துளையிட்டு வார்க்கும் பைலில் நேர் எதிர். துளை திறந்திருக்கும் நேரம் முழுக்க மண் உள்பக்கமாகத் தளர்கிறது, மணலில் இறுக்கம் குறைகிறது, பிறகு ஈரக் காங்கிரீட்டின் அழுத்தம் ஓரளவு திருப்பித் தள்ளுகிறது.

அடித்திறக்கும் பைலுக்கு 1970களின் இறுதியிலேயே கார்ட்டர், ராண்டால்ஃப், ராத் மூவரும் மண்ணுக்குள் ஒரு குழி விரிவதாக எடுக்கும் குழிவு விரிவுக் கோட்பாட்டை வைத்துக் கணக்குப் போட்டார்கள். 1985இல் பாலிக் என்பவர், மண் எந்தப் பாதையில் உருமாறுகிறது என்று பின்தொடரும் முறையைத் தந்தார். இன்று பொருள்புள்ளி முறை, இணைந்த ஆய்லர்-லக்ராஞ்சியன் முறை என்று பைல் இறங்குவதையே படம்போல ஓட்டலாம். ஒரு பைலுக்கே கணினி நாள்கணக்கில் ஓடும், 81க்கு யாரும் செய்வதில்லை.

எனவே நான் செய்வது இது: பைலைச் சுற்றி ஒரு மெல்லிய வளையத்தின் வலிமையைக் குறைத்து ஒரு முறை, சில பைல்களின் நுனியை மென்மையாக்கி ஒரு முறை ஓட்டுவேன். உங்கள் இடத்தில் 81இல் பத்துப் பைலுக்கு நுனியே இல்லை என்று வைத்து ஓட்டிப் பாருங்கள். அந்தப் பத்தும் ஒரே மூலையில் இருப்பதாக வைப்பது இன்னும் நல்லது.

கருங்கல் | புதன், காலை 5.55

இரவு படுத்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. தம்பி, அந்த ஒன்றரை மீட்டர் நிரப்பு மண் எப்போது கொட்டியது? மாடலில் அதை எந்தக் கட்டத்தில் சேர்த்தீர்கள்?

ஓஎம்ஆர் சிவில் | புதன், காலை 8.40

கொட்டி மூன்று மாதம் ஆகிறது சார். மாடலில் ஆரம்ப நிலையிலேயே மேல் அடுக்காக வைத்துவிட்டேன்.

கருங்கல் | புதன், காலை 9.20

அங்கேதான் இரண்டாவது சிக்கல். ஆரம்ப நிலையில் வைத்தால், அந்த மண் காலங்காலமாக அங்கே கிடக்கிறது, அதன் கீழுள்ள சேறு ஏற்கெனவே அமுங்கி முடிந்தது என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். உண்மையில் அமுங்கல் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. 8 மீட்டர் சேற்றின் மேல் 25 கிலோபாஸ்கல் புதுச் சுமை. இந்த வகைக் களியில் தரை கால் மீட்டர் முதல் அரை மீட்டர் வரை இறங்கலாம், முடியப் பத்து வருடத்துக்கு மேல் ஆகலாம்.

சேறு இறங்கும்போது பைல் இறங்காமல் நின்றால், சேறு பைலைப் பிடித்துக் கீழே இழுக்கும். எதிர் உராய்வு. சேற்றின் நடுவில் நிரப்பு மண் அழுத்தம் முழுதும் வந்தபின் செயல் அழுத்தம் சுமார் 49, அதில் கால் பங்கு உராய்வு என்றால் 12 கிலோபாஸ்கல். பைலின் சுற்றளவு, 8 மீட்டர் நீளம், பெருக்கினால் 18 டன் சொச்சம். 60 டன் பைலுக்கு இன்னொரு 18 டன்.

லோடு டெஸ்ட் அன்று என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். நீங்கள் பைலை அமுக்கினீர்கள், பைல் சேற்றைவிட வேகமாகக் கீழே போனது, சேறு அதை மேலே பிடித்தது. அன்று தாங்கிய அதே சேறு ஐந்தாவது வருடம் சுமையாகத் தொங்கும். 3 மி.மீ. என்பதில் இந்தச் சேற்றின் உதவியும் சேர்ந்திருக்கிறது.

திருச்சி பாலம் | புதன், காலை 10.10

சார், இதில் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். அந்த 18 டன்னைப் பைலின் தாங்குதிறனிலிருந்து கழிக்கக் கூடாது என்று பைல் ஆய்வாளர் ஃபெலினியஸ் பல பத்தாண்டுகளாக வாதாடுகிறார். பைல் உண்மையில் தோற்கும் நிலைக்குப் போனால் அது சேற்றைவிட அதிகம் இறங்கும். அப்போது எதிர் உராய்வு தானாகத் திரும்பி நேர் உராய்வாகிவிடும். சில மில்லிமீட்டர் சார்பு நகர்வே போதும். ஆகவே இது காங்கிரீட்டின் வலிமைக்கும் இறக்கத்துக்கும் உரிய விஷயம், மண்ணின் தாங்குதிறனுக்கு அல்ல.

கருங்கல் | புதன், காலை 10.45

நீங்கள் சொல்வது சரி. நானும் தாங்குதிறனிலிருந்து கழிப்பதில்லை. இங்கே என் கவலை இறக்கம்தான். அந்த இழுவை பைல் வழியாக மணலுக்கும், மணல் வழியாகக் கெட்டிக் களிக்கும் போகும். கூட்டத்தின் உள்ளே இருக்கும் பைல்களுக்கு முழு 18 டன் வராது, நடுவில் உள்ள சேற்றை எல்லாப் பைல்களும் பங்கிட்டுக்கொள்ளும். ஓரப் பைல்கள்தான் வாங்கிக்கொள்ளும். இதை எந்தக் கைக்கணக்கும் ஒழுங்காகக் காட்டாது. இந்த ஒரு விஷயத்துக்காகவே த்ரீ-டி மாடல் செய்யலாம்.

தம்பி, வரிசை இப்படி வையுங்கள். நிரப்பு மண் இல்லாத பழைய தரையை ஆரம்ப நிலையாக வையுங்கள். அப்புறம் நிரப்பு மண், மூன்று மாதக் கன்சாலிடேஷன். அதன்பின் பைல், பிறகு கட்டடச் சுமை, கட்டும் காலத்துக்கேற்ப. கடைசியில் முப்பது வருடம் வடிய விடுங்கள். அதோடு, 15 மீட்டரில் நின்ற இரண்டு போரையும் பாறை வரை இறக்காமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

ஓஎம்ஆர் சிவில் | புதன், இரவு 9.15

எல்லாவற்றையும் அச்செடுத்து சீனியரிடம் காட்டினேன். 13க்கும் 108க்கும் உள்ள வித்தியாசத்தை அவரே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் போர் ரிக்குக்கு அவரே போன் செய்தார். முடிவு வந்ததும் எழுதுகிறேன்.

ஓஎம்ஆர் சிவில் | ஐந்து வாரம் கழித்து, வெள்ளி, மாலை 7.00

மன்னியுங்கள், தாமதமாகிவிட்டது. இரண்டு போரும் பாறை வரை போனது. ஒன்றில் களி 6 மீட்டர், தென்கிழக்கு மூலையில் 8 மீட்டர். ஈடோமீட்டரில் எல்லை அழுத்தம் 220 கிலோபாஸ்கல். குறியெண்கள் ஆய்வுமாணவி எடுத்ததற்கு அருகிலேயே வந்தன.

கைக்கணக்கில் 6 மீட்டர் பக்கம் 77 மி.மீ., 8 மீட்டர் பக்கம் 96 மி.மீ. ஹார்டனிங் சாயில் வைத்து, கருங்கல் சார் சொன்ன வரிசையில் ஓட்டியதில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வந்தது, ஓரப் பைல்களின் இழுவையும் சேர்ந்ததால். ஆக என் பழைய 38 அதிகம் இல்லை, பாதிக்கும் குறைவு. மொத்த இறக்கத்தைவிட அந்த 20 மி.மீ. சாய்வுதான் லிஃப்ட் குழியை நினைத்தால் பயமாக இருந்தது.

பைலைப் பாறைக்கே கொண்டுபோக முடிவாகிவிட்டது. 21 மீட்டர் தாண்டிச் சிதைந்த பாறைக்குள் சாக்கெட் (பைல் நுனி பதியும் குழி), தென்கிழக்கில் அதற்கும் கீழே. ஒரு பைலுக்குச் சுமையை ஏற்றி எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறோம். மாடலில் இறக்கம் இப்போது 10 மி.மீ.க்குள். ரிக் மேஸ்திரி மகன் சொன்னபடி ஒவ்வொரு துளைக்கும் குண்டு டேப் அளவு இரண்டு முறை எழுத ஒரு பதிவேடு போட்டிருக்கிறேன், கழுவி முடித்ததும் ஒன்று, காங்கிரீட் விழும் முன் ஒன்று.

ரிக் மேஸ்திரி மகன் | வெள்ளி, மாலை 7.25

இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன் அண்ணா. பாறையை உடைக்கச் சிசல் (உளி) போடும்போது வெளியே வரும் துண்டுகளை ஆழம் எழுதிப் பையில் போட்டு வைக்கச் சொன்னார். சிதைந்த பாறை என்று நினைத்து உருண்டைக் கல்லில் நிறுத்திவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறாராம்.

கருங்கல் | சனி, காலை 6.20

நல்ல முடிவு. ஆனால் பைல் பாறையில் நின்றதும் மண்ணோடு அதன் உறவு மாறிவிட்டது, அதையும் பாருங்கள். முன்பு பைலும் களியோடு சேர்ந்து கொஞ்சம் இறங்கியிருக்கும், இழுவை அதற்கேற்பக் குறைந்திருக்கும். இப்போது பைல் அசையாது, சேற்றின் இழுவை முழுதாக வரும். அந்த 18 டன்னைக் காங்கிரீட் வெட்டுமுகத்திலும் சாக்கெட்டிலும் கணக்கில் எடுங்கள். சுமையை ஏற்றியிருப்பதால் இது முக்கியம்.

இரண்டாவது, கட்டடம் 10 மி.மீ. இறங்கும், சுற்றியுள்ள தரை கால் மீட்டருக்கு மேல் இறங்கும். மெக்சிகோ நகரில் சுதந்திர தேவதைத் தூண் 1910இல் பைல் மேல் கட்டியது. சுற்றியிருந்த நகரத் தரை வருடா வருடம் தாழ்ந்துகொண்டே போக, தூணுக்கு ஏறும் படிக்கட்டில் 14 படிகளைப் பிறகு சேர்க்க வேண்டியிருந்தது. அங்கே நிலத்தடி நீரை எடுத்ததால் களி அமுங்கியது, உங்களுக்கு நிரப்பு மண்ணால். தூண் எழும்பவில்லை, தரைதான் போனது.

உங்கள் கட்டடத்திலிருந்து வெளியே போகும் கழிவுநீர்க் குழாய் எங்கே முடிகிறது?

ஓஎம்ஆர் சிவில் | சனி, காலை 8.05

பைல் கேப்பிலிருந்து (பைல் தலைகளை இணைக்கும் காங்கிரீட்) நேராக வெளியே வந்து, இரண்டு மீட்டர் தள்ளி நிரப்பு மண்ணில் உள்ள சேம்பரில் சேர்கிறது சார். விறைப்பான இணைப்பு. வரைபடத்தை இப்போது மறுபடி திறந்து பார்த்தேன். குழாயின் ஒரு முனை பாறையில் நிற்கிறது, மறு முனை சேற்றில். ஸ்டில்ட்டுக்குள் கார் ஏறும் சரிவும் அப்படியேதான்.

பிளம்பிங் ஆளை மதியம் வரச் சொல்லியிருக்கிறேன். சுவரைத் தாண்டும் இடத்தில் பெரிய ஸ்லீவ், அப்புறம் இரண்டு நெகிழ் இணைப்பு, சரிவுக்குக் கட்டடத்தோடு கீல் மாதிரி உட்காரும் தனி ஸ்லாப் என்று யோசித்திருக்கிறேன். படம் வரைந்ததும் இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.